சுமத்ரா கடலடியில் நம் மழைக் கணக்கு

ஐப்பசி பிறந்துவிட்டால் மணவாள நகரில் பூண்டி ஏரியைப் பற்றித்தான் பேச்சு. எத்தனை அடி ஏறியது, மதகைத் திறப்பார்களா, கொசஸ்தலையாற்றில் தண்ணீர் வருமா? காக்களூர் தொழிற்பேட்டைக்கு ஷிப்ட் போகிறவர்கள்கூடக் கைபேசியைப் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் ஐ.ஓ.டி. பாசிட்டிவாம்" என்கிறார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு நம்மைத் தொற்றிக்கொண்ட பழக்கம் இது. நல்ல பழக்கம்தான்.

ஐ.ஓ.டி. என்பது இந்தியப் பெருங்கடல் இருமுனை. சில ஆண்டுகளில் சுமத்ரா, ஜாவா கரையோரக் கடல் வழக்கத்தைவிடக் குளிர்ந்துவிடும்; ஆப்பிரிக்கப் பக்கம் சூடேறும். அதுதான் பாசிட்டிவ் நிலை. இந்தோனேசியா காய்ந்துபோகும், கிழக்கு ஆப்பிரிக்காவில் மழை கொட்டும், நமக்கும் வடகிழக்குப் பருவமழை கூடுதலாகக் கிடைக்க வாய்ப்பு உண்டு. 1999-ல் இதை 'நேச்சர்' இதழில் விளக்கிய சாஜி, கோஸ்வாமி, வினயச்சந்திரன், யமகாட்டா ஆகிய நால்வரில் மூவர் இந்தியர்.

இந்த இருமுனை மாற்றம் எத்தனை காலமாக நடக்கிறது? சென்னையில் மழையை அளந்த கணக்கு 1813 முதல் இருக்கிறது. சுமத்ரா கடலின் சூட்டை அப்போது யார் அளந்தார்கள்? அளந்தது ஓர் உயிரினம். சுமத்ராவுக்கு மேற்கே மெந்தாவாய் தீவுகளைச் சுற்றி வாழும் பவளம்.

போரைட்டீஸ் என்ற பவளம் பெரும் பாறைபோலத் திரண்டு வளரும். ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர். மேலே சில மில்லிமீட்டர் தோலில் மட்டும்தான் உயிர். கீழே இருப்பதெல்லாம் அது கட்டிவிட்டுக் கைவிட்ட சுண்ணாம்பு. நீருக்கடியில் துளையிட்டு உருளையாக ஒரு துண்டை எடுத்து, நீளவாக்கில் அறுத்து எக்ஸ்ரே எடுத்தால் அடர்ந்ததும் அடராததுமாகப் பட்டைகள் தெரியும். ஒரு ஜோடி, ஓர் ஆண்டு. இதை உறுதிப்படுத்திய கதை விசித்திரமானது. பசிபிக்கில் எனிவெடாக் பவளத்தீவில் அமெரிக்கா அணுகுண்டுகளை வெடித்துப் பார்த்தது. அங்கிருந்த பவளங்களில் கதிரியக்கம் படிந்த அடுக்குகளை வெடிப்பு ஆண்டுகளோடு ஒப்பிட்டு, பட்டை ஜோடி ஆண்டுக்கு ஒன்றுதான் என்று 1972-ல் காட்டினார்கள். நாசவேலையிலிருந்து ஒரு நாட்காட்டி கிடைத்தது.

ஆண்டு தெரிந்துவிட்டது; சூடு தெரிவது எப்படி? ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய ஐந்நூறில் ஒன்று, எடை 18 கொண்ட கனமான வகை. மற்றவை அநேகமாக எல்லாமே 16. கடல் குளிர்ந்தால் பவளச் சுண்ணாம்பில் கனமான வகை சற்றுக் கூடும்; சூடேறினால் குறையும். ஒரு டிகிரிக்கு அந்த விகிதம் மாறுவது ஆயிரத்தில் 0.2 பங்குதான். ஐசோடோப்புகளை வைத்துப் பழைய கடலின் வெப்பத்தை அறியலாம் என்ற வழியை 1947-ல் திறந்துவிட்டவர் ஹெரால்ட் யூரி. பவளத்தூளை அமிலத்தில் கரைத்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை நிறை நிறமாலைமானியில் செலுத்தி அவ்வளவு நுட்பமான மாற்றத்தையும் அளந்துவிடுகிறார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. மழைநீரில் கனமான ஆக்சிஜன் குறைவு. ஆகவே கடல்மேல் பெருமழை பெய்தாலும், கடல் சூடேறியதுபோலவே பவளம் காட்டும். இரண்டையும் பிரிக்க, பெரும்பாலும் வெப்பத்துக்கு மட்டும் அசையும் ஸ்ட்ரான்சியம்–கால்சியம் விகிதத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். மெந்தாவாயில் அந்தக் குழப்பமே உதவியாகிறது. பாசிட்டிவ் ஆண்டில் அங்கே கடலும் குளிர்கிறது, மழையும் பொய்க்கிறது. இரண்டும் ஒரே திசையில் தள்ளுவதால் தடம் அழுத்தமாக விழுகிறது.

உயிருள்ள பவளங்களோடு செத்துப்போன பழைய பவளங்களையும் யுரேனியம்–தோரியம் முறையில் வயது கண்டு, ஆய்வாளர் நெரிலி ஏப்ரமின் குழு கடந்த ஆயிரம் ஆண்டுகளில் பல பகுதிகளைப் படித்து 2020-ல் வெளியிட்டது. கடுமையான பாசிட்டிவ் நிகழ்வுகள் 1960-க்கு முன் அரிது. ஆனால் நாம் பெரிதென்று நினைத்த 1997 நிகழ்வைவிட 27 முதல் 42 சதவீதம் பெரியது ஒன்று 17-ஆம் நூற்றாண்டில் வந்திருக்கிறது. மனிதர் கடலைச் சூடாக்கும் முன்பே இயற்கை அப்படியொரு நிகழ்வை உண்டாக்கியிருக்கிறது. இனி சூடும் சேர்ந்துகொண்டால் என்னவாகும் என்பதுதான் அச்சம்.

நம் நாட்டிலும் 1990-களிலேயே அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தின் சுப்ரியோ சக்ரவர்த்தியும் ஆர். ரமேஷும் லட்சத்தீவுப் பவளங்களை ஆராய்ந்து, பருவமழைக் காலத்தில் கடல் குளிர்வது அவற்றில் பதிவாகியிருப்பதைக் கண்டார்கள்.

தமிழ்நாட்டின் பவளங்களுக்கு வேறு கதி. மன்னார் வளைகுடாவில் பல பத்தாண்டுகள் பவளத்தை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக் காளவாயில் எரித்தோம். 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலங்குச்சல்லியும் கடலுக்குள் போனதற்கு அந்த வெட்டும் ஒரு காரணம் என்கிறார்கள். 2001-ல்தான் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் ஏறியது. காளவாயில் வெந்தவற்றோடு எத்தனை ஆண்டு மழைக்கணக்கு போயிற்றோ! மிஞ்சியவற்றை 1998, 2010, 2016 வெப்ப அலைகள் வெளுக்கச் செய்தன.

ஆய்வுக்காகத் துளையிட்டு எடுப்பதோ சில சென்டிமீட்டர் அகலத் துண்டுதான். துளையை அடைத்துவிட்டால் பவளம் மேலே மூடிக்கொண்டு வளரும். மன்னார் வளைகுடாவில் எஞ்சியிருக்கும் பெரிய பவளங்களை அவை உயிரோடு இருக்கும்போதே படித்து முடிக்க நம் பல்கலைக்கழகங்களும் வனத்துறையும் கைகோக்க வேண்டும்.