பால் வரிசை சொல்லும் பாடம்

பொழுது புலரும் வேளை. இந்தியாவின் குஜராத் மாநிலத்தில், ஆனந்த் நகரைச் சூழ்ந்த கிராமங்களில் பால் சேகரிக்கும் நிலையங்களின் முன்னே மக்கள் வரிசையாக நிற்கின்றனர். முக்காடிட்ட பெண்கள், முதியவர்கள், சிறுவர்கள் என அனைவர் கையிலும் பாற்பாத்திரம். பாட்டன் காலத்தைப் போலவே எருமையைக் கையால் கறந்து வந்தவர்கள் பலர். ஆனால் பாலின் கொழுப்பை அளப்பது யந்திரம். அந்த அளவுக்கேற்பவே விலை கிடைக்கிறது.

இந்த வரிசை இலகுவில் உருவானதன்று. இடைத்தரகர் கொடுத்த அற்ப விலையால் நொந்த கேடா மாவட்ட விவசாயிகள், 1946இல் பால் விற்க மறுத்துப் போராடினர். அவ்வாண்டு டிசம்பர் 14ஆம் திகதி, திரிபுவன்தாஸ் பட்டேலின் தலைமையில் அவர்களது கூட்டுறவு ஒன்றியம் பதிவாயிற்று. நாளொன்றுக்குச் சுமார் 250 லீற்றர் பாலுடன் தொடங்கிய அதுவே பின்னர் ‘அமுல்’ எனப் பெயர் பெற்றது.

எருமைப்பாலைப் பால்மாவாக்க முடியாதென மேல்நாட்டு நிபுணர்கள் கூறினர். அதற்காக இம்மக்கள் எருமையைக் கைவிடவில்லை. 1949இல் ஆனந்துக்கு வந்த பொறியியலாளர் வர்கீஸ் குரியனும் அவருடைய நண்பர் தலாயாவும் எருமைப்பாலுக்கு ஏற்ற முறையைக் கண்டனர். 1955இல் பால்மாத் தொழிற்சாலை திறக்கப்பட்டது. புதுமை வேண்டுமென்று பழையதை எறிந்துவிடத் தேவையில்லை என்பதற்கு இது நல்ல சான்று.

ஆனால் பழையவை எல்லாம் காக்கத் தக்கவையா? வரிசையில் முன்னே வந்தவருக்கே முன்னிடம். எச்சாதியார் கறந்த பாலும் ஒரே கொள்கலனில் சேர்கிறது. இதனால் சாதி ஒழிந்துவிட்டதென்று சொல்ல முடியாது. எனினும் நாளுக்கு இருமுறை அது சற்றே விலகி நிற்கிறது.

பெண்களின் நிலை இன்னும் சிந்திக்க வேண்டியது. தீனி வைப்பதும் தொழுவம் கூட்டுவதும் பால் கறப்பதும் பெரும்பாலும் அவர்களே. ஆயினும் சங்க அங்கத்துவம் நெடுங்காலம் கணவன் பெயரிலேயே இருந்தது. பின்னர் பல மாநிலங்களில் பெண்களே நடத்தும் பாற்சங்கங்கள் தோன்றின. இன்று பலருக்குப் பாற்பணம் நேரே வங்கிக்குச் செல்கிறது. அது யாருடைய கணக்கு? விடியுமுன் எழுந்து கறந்தவளின் கணக்காக இருந்தால்தான் அந்தப் புதுமை வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது எனலாம்.