சுக்கானைத் தொடாத மாலுமி

காற்றோடு ஒரு கணக்கு – 9

1897 ஜூலை 17. இந்தியப் பெருங்கடலின் நடுவிலுள்ள கோகோஸ் கீலிங் தீவுகளுக்கு ‘ஸ்ப்ரே’ என்ற சிறிய பாய்மரப் படகு வந்து சேர்ந்தது. அதில் இருந்தவர் ஒரே ஒருவர்: ஜோஷுவா ஸ்லோகம். ஆஸ்திரேலியாவின் வடமுனையை ஒட்டிய தர்ஸ்டே தீவிலிருந்து புறப்பட்டு, 23 நாட்களில் 2,700 மைல் கடந்திருந்தார். அந்த 23 நாட்களில் அவர் சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருந்த நேரம் எல்லாம் சேர்த்து மூன்று மணி நேரத்துக்கு மேல் இல்லை. சக்கரத்தைக் கயிற்றால் கட்டிவிட்டுச் சமைத்தார், படித்தார், உறங்கினார். படகு தன் வழியில் போய்க்கொண்டே இருந்தது.

அந்தக் காலத்தில் தானியங்கிச் சுக்கான் கிடையாது. அப்படியானால் படகை வழிநடத்தியது எது? பாய்கள்தான். காற்று பாயைத் தள்ளும், சுக்கான் படகைத் திருப்பும் என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். அது பாதி உண்மை. படகை ஓட்டுவதும் பாய்தான், திருப்புவதிலும் பெரும்பங்கு பாய்க்குத்தான்.

முதலில் ஓட்டம். காற்று பின்னாலிருந்து வீசினால் கணக்கு எளிது. பாயைக் குறுக்கே விரித்துவிட்டால் காற்றே தள்ளிக்கொண்டு போகும். ஆனால் காற்று பக்கவாட்டிலிருந்து வீசும்போது பாய் வேறு விதமாக வேலை செய்கிறது. வளைந்த பாயின் மேல் வழுக்கிச் செல்லும் காற்று, பாயின் வளைவுக்கேற்பத் திசை மாறிப் பின்னோக்கிப் போகிறது. பாய் காற்றை ஒரு பக்கம் திருப்ப, காற்று பாயை மறுபக்கம் தள்ளுகிறது. பாயின் புடைத்த புறத்தில் காற்றழுத்தம் குறைவு, உட்புறத்தில் அதிகம். விமானத்தின் இறக்கையை மேலே தூக்குவதும் இதே விசைதான்.

இந்த விசையின் பெரும்பகுதி படகைப் பக்கவாட்டில் தள்ளவே பார்க்கும். அதைத் தடுப்பது நீருக்கடியில் நீண்டிருக்கும் அடிக்கட்டை. அது பக்கவாட்டில் நகர விடாது, முன்னோக்கிப் போவதை மட்டும் அனுமதிக்கும். வேப்பம்பழத்தை இரு விரல்களால் பிதுக்கினால் கொட்டை முன்னால் வழுக்கி ஓடுகிறதல்லவா? ஒரு பக்கம் காற்றும் மறுபக்கம் நீரும் அழுத்த, படகும் அப்படித்தான் முன்னேறுகிறது.

இதனால்தான் எதிர்க்காற்றிலும் பாய்மரப் படகு முன்னேற முடிகிறது. காற்று வரும் திசைக்கு நேர் எதிராகப் போக முடியாது. பல படகுகளுக்கு அந்தத் திசையிலிருந்து 45 பாகை அளவு விலகினால்தான் பாய் பிடிக்கும். ஆகவே சிறிது தூரம் வலப்பக்கம் சாய்ந்து போய், அணியத்தை, அதாவது படகின் முன்முனையை, காற்றின் குறுக்கே திருப்பி, பாயை மறுபுறம் மாற்றி, இடப்பக்கம் சாய்ந்து போக வேண்டும். இப்படி வளைந்து வளைந்து போய்த்தான் எதிர்க்காற்றில் ஒரு துறைமுகத்தை எட்ட முடியும்.

பாயை எவ்வளவு இழுத்துக் கட்டுவது? இதற்கு நல்லதொரு விதி உண்டு. பாயின் கயிற்றை மெல்லத் தளர்த்துங்கள். பாயின் முன்விளிம்பு படபடக்கத் தொடங்கும். அந்தப் படபடப்பு நிற்கும் வரை மட்டும் திரும்ப இழுங்கள், அதுதான் சரியான இடம். அதற்கு மேல் இழுத்தால் படகு சாயுமே தவிர, வேகம் கூடாது. காற்றின் திசை கொஞ்சம் மாறினாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

இனி திருப்பம். படகு திரும்பும்போது சுழலும் மையம், ஏறத்தாழ அடிக்கட்டையின் நடுப்பகுதியில் இருக்கிறது. அதற்கு முன்னாலுள்ள பாயில் விழும் விசை அணியத்தைக் காற்றிலிருந்து விலக்கும். பின்னாலுள்ள பாயில் விழும் விசை படகின் பின்பகுதியைத் தள்ளி, அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்பும். முன்பாயைத் தளர்த்திப் பின்பாயை இறுக்கினால் படகு காற்றை நோக்கித் திரும்பும். மாற்றிச் செய்தால் விலகும். சுக்கான் உடைந்த படகுகளை மாலுமிகள் கரைசேர்க்க இந்த அறிவு கைகொடுக்கும்.

பாயை ஏந்தி அலைப்பலகையில் நின்று செல்லும் விளையாட்டு வீரர்களைப் பாருங்கள். அந்தப் பலகையில் சுக்கானே இல்லை. பாய்மரத்தைப் பின்னால் சாய்த்தால் பலகை காற்றை நோக்கித் திரும்புகிறது, முன்னால் சாய்த்தால் விலகுகிறது.

ஸ்லோகம் செய்தது இந்தக் கணக்கைத்தான். பெரும்பாயை வெளியே விரித்தார். முன்பாயைப் படகின் நடுக்கோட்டை ஒட்டி இறுக்கிக் கட்டினார். காற்று பின்புறமிருந்து வர, படகு நேராகப் போகும்வரை அந்த முன்பாய்க்குப் பெரிய வேலையில்லை. படகு வழிவிலகிக் காற்றை நோக்கித் திரும்பத் தொடங்கியதும் அதன்மேல் காற்று நன்றாக விழும், அணியத்தைப் பழைய வழிக்கே தள்ளிவிடும். அலை ஒரு பக்கம் புரட்டினாலும் பாய்களே திருத்திக்கொள்ளும். ஸ்ப்ரேயின் நீண்ட அடிக்கட்டையும் இதற்குத் துணையாக இருந்தது. சமோவாவில் எழுத்தாளர் ராபர்ட் லூயி ஸ்டீவன்சனின் மனைவி ஃபேனி தந்த மூங்கிலையும் அணியத்தில் பாய் கட்டும் கம்பாக்கிக்கொண்டார்.

1895 ஏப்ரல் 24 அன்று பாஸ்டனிலிருந்து புறப்பட்ட ஸ்லோகம், 1898 ஜூன் 27 அன்று நியூபோர்ட் துறைமுகத்தில் நங்கூரமிட்டார். 46,000 மைல், 37 அடிக்கும் குறைவான நீளமுள்ள படகு, துணைக்கு யாருமில்லை. உலகைத் தனியாகச் சுற்றிவந்த முதல் மாலுமி அவர். சக்கரத்தை விட்டு நகர முடியாத படகாக இருந்திருந்தால், தனியொருவரால் இது நடந்திருக்காது. தூங்காமல் எத்தனை நாள் தாங்க முடியும்?

சுக்கானை வலிந்து பிடித்து ஓட்டும் படகு வேகமும் இழக்கும். திரும்பி நிற்கும் சுக்கான் நீரைத் தடுத்து, படகைப் பின்னுக்கு இழுக்கிறது. கை வலிக்கச் சக்கரத்தைப் பிடித்திருக்கும் மாலுமி, உண்மையில் தன் பாய்களோடுதான் மல்லுக்கு நிற்கிறார். கயிறுகளைச் சரிசெய்தால் சக்கரம் தானே இலகுவாகும். பாய்மரப் படகு ஓட்டப் பழகுபவர்கள் முதலில் கற்க வேண்டியது இதைத்தான்: படகு வழிவிலகினால் கை சுக்கானுக்குப் போகும் முன் கண் பாய்க்குப் போக வேண்டும்.

காற்று இருக்கிறது, பாயும் சரியாக இருக்கிறது. ஆனால் காற்று அளவுக்கு மீறிப் பலத்தால் என்ன செய்வது? பாயைச் சுருக்கும் கலையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)