படபடக்கும் இண்டிகேட்டர்

காரின் இண்டிகேட்டர் இன்னும் கொஞ்சம் வேகமாக அடித்தால் நன்றாக இருக்குமே, வீட்டிலேயே மாற்றிவிட முடியுமா என்று கேட்கிறவர்கள் உண்டு. முடியும். பழைய மாடல் வண்டியாக இருந்தால் ஒரு காபி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும். ஆனால் தூத்துக்குடி மாதிரி கடலோர ஊரில் வண்டி வைத்திருப்பவருக்கு வருவது பெரும்பாலும் இதன் மறுபக்கம். யாரும் கை வைக்காமலேயே, ஒரு பக்கத்து இண்டிகேட்டர் மட்டும் ஒரு நாள் படபடவென்று அடிக்கத் தொடங்கிவிடும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான், வேகத்தை வேண்டுமென்றே கூட்டுவது நல்லதா என்பதற்குப் பதில் கிடைக்கும்.

இண்டிகேட்டரை அணைத்து எரிய வைப்பது ஃபிளாஷர் ரிலே. அம்பாசடர், பத்மினி காலத்து வண்டிகளில் இது ஒரு சின்னத் தகர டப்பி. உள்ளே இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை இருக்கும். பல்புக்குப் போகும் கரண்ட் அதைச் சூடாக்கும். சூட்டில் பட்டை வளையும், தொடர்பு விடும், விளக்கு அணையும். ஆறியதும் பட்டை பழைய இடத்துக்கு வரும், விளக்கு எரியும். அந்த ‘டிக் டிக்’ சத்தம் பட்டை வளைந்து நிமிரும் சத்தம்தான். இந்த வகையில் கரண்ட் கூடினால் பட்டை சீக்கிரம் சூடாகும், அடியும் வேகமாகும். கூடுதலாக ஒரு பல்பைக் கோத்தால் போதும், வேகம் கூடிவிடும். பல்பு ஒன்று போனாலோ அடி மெதுவாகும், இல்லை அடிக்காமலே நின்று எரியும்.

பிறகு வந்த எலக்ட்ரானிக் ரிலேயில் கதை தலைகீழ். அதன் மூடியைக் கழற்றினால் விரல் நகம் அளவுக்கு ஒரு ஐ.சி., ஒரு ரெசிஸ்டர், ஒரு கெப்பாசிட்டர், சுருளோடு ஒரு சின்ன ரிலே, இவ்வளவுதான் இருக்கும். கெப்பாசிட்டர் நிரம்பி வடிய எடுத்துக்கொள்ளும் நேரம்தான் அடியின் வேகம். ரெசிஸ்டரைச் சிறியதாக மாற்றினால் அது சீக்கிரம் நிரம்பும், அடி வேகமாகும். வீட்டில் ‘மாடிஃபை’ செய்கிறோம் என்கிறவர்கள் செய்வது பெரும்பாலும் இதுதான். பற்றவைக்கத் தெரியாதவர்களுக்காக, பக்கவாட்டில் ஒரு சின்னத் திருகு வைத்த ரிலேயும் கடையில் கிடைக்கிறது. திருகைத் திருப்பினால் வேகம் கூடும், குறையும்.

அந்த டப்பிக்குள் இன்னொரு வேலையும் நடக்கிறது. பல்புக்குப் போகும் கரண்ட் எவ்வளவு என்று ஐ.சி. ஒவ்வொரு அடியிலும் அளந்துகொண்டே இருக்கிறது. முன்பக்கம் ஒரு 21 வாட் பல்பு, பின்பக்கம் ஒரு 21 வாட் பல்பு என்றால், 12 வோல்ட்டில் இரண்டுக்கும் சேர்த்து 3.5 ஆம்பியர் போக வேண்டும். ஒன்று அணைந்துபோனால் அது பாதியாகும். உடனே ஐ.சி. அடியின் வேகத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிவிடும். ஓட்டுகிறவருக்குப் பின்பக்கத்து விளக்கு தெரியாது, டேஷ்போர்டில் பச்சை அம்பு படபடப்பது மட்டும் தெரியும். ‘உன் பல்பு ஒன்று போய்விட்டது, இறங்கிப் பார்’ என்று வண்டி சொல்கிறது.

சட்டமும் இதை ஒட்டித்தான் எழுதப்பட்டிருக்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 102-ஆவது விதி, இண்டிகேட்டர் நிமிடத்துக்கு 60-க்குக் குறையாமலும் 120-க்கு மேற்படாமலும் அடிக்க வேண்டும் என்கிறது. ஐ.நா.வின் வாகன விளக்கு விதிகளிலும் இதே எண்தான், 90, முப்பது கூடவோ குறையவோ. அதே ஐ.நா. விதிகள் ஒரு விலக்கும் தருகின்றன. ஒரு பல்பு போய்விட்டால் மீதி விளக்குகள் இந்த வரம்புக்கு வெளியே அடிக்கலாம். ஆக, 120-ஐத் தாண்டிய அடி என்பது பழுதுக்கென்றே ஒதுக்கி வைத்த இடம். நல்ல பல்புகளோடு அந்த வேகத்தில் ஓட்டினால், பின்னால் ஒரு பல்பு உண்மையிலேயே போகும்போது அதைச் சொல்ல வண்டிக்கு வேறு வழி இருக்காது.

உங்கள் வண்டி எவ்வளவு அடிக்கிறது என்று பார்ப்பது எளிது. 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். பெரும்பாலான கார்கள் 80-க்கும் 95-க்கும் இடையில் நிற்கும். அதை 100 அல்லது 110 வரை கூட்டினால் மேலே சொன்ன வரம்பு மீறப்படாது. அதற்கு மேல்தான் வில்லங்கம். 2019-இல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு, அனுமதியில்லாமல் வண்டியின் பாகங்களை மாற்றும் உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. இண்டிகேட்டர் ரிலேக்காக யாரையும் உள்ளே போடுவார்கள் என்று நான் நினைக்கவில்லை. விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ்காரர் வண்டியைப் பார்க்க வரும்போதுதான் இந்த மாதிரி சங்கதியெல்லாம் கிளம்பும்.

சிமிட்டலின் வேகத்துக்கும் எண்ணிக்கைக்கும் பொருள் வைத்து நடத்துகிறவர்களைப் பார்க்க வேண்டுமானால் ரோட்டை விட்டுக் கடல் பக்கம் திரும்பலாம். 1974-இல் பெருந்துறைமுகமாகி, 2011-இல் வ.உ.சிதம்பரனார் பெயர் பெற்றது தூத்துக்குடித் துறைமுகம். இதைப் போன்ற துறைமுகங்களுக்கு இரவில் வரும் கப்பலுக்கு வழி சொல்வது மிதவை விளக்குகள். அவற்றுக்கு உலகம் முழுவதும் பொதுவான இலக்கணம் உண்டு. நிமிடத்துக்கு 50 முதல் 79 வரை சிமிட்டினால் ஒரு வகை, 80 முதல் 159 வரை சிமிட்டினால் வேறு வகை. ஆபத்தான இடத்தைச் சுற்றித் திசை காட்டும் மிதவைகளில், நிறுத்தாமல் வெள்ளையாகச் சிமிட்டினால் வடக்கு, மூன்று மூன்றாகச் சிமிட்டினால் கிழக்கு, ஆறு சிமிட்டி ஒரு நீளமான ஒளி விட்டால் தெற்கு, ஒன்பது ஒன்பதாக என்றால் மேற்கு. மாலுமி எண்ணிப் பார்த்துத்தான் கப்பலைத் திருப்புகிறார். இதில் ஒன்றை ‘பார்க்க நன்றாயிருக்கிறது’ என்று யாராவது மாற்றி வைத்தால் கப்பல் தரை தட்டும்.

நம் ரோட்டில் அப்படி ஒரு இலக்கணம் முழுசாக இல்லை என்பது வேறு விஷயம். லாரிக்காரர் போடும் இண்டிகேட்டருக்கு ‘நான் திரும்புகிறேன்’ என்றும் பொருள், ‘நீ முந்திக்கொண்டு போ’ என்றும் பொருள். நாற்சந்தியில் நேராகப் போகிறவர் ஹசார்டு, அதாவது நாலு இண்டிகேட்டரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு போவது தமிழ்நாடு முழுக்கப் பார்க்கிற காட்சி. இடமிருந்து வருகிறவருக்கு அவருடைய இடப்பக்க விளக்கு மட்டும்தான் தெரியும், வண்டி தன் பக்கம் திரும்பப்போகிறது என்று நினைத்துக்கொண்டு வருவார். இருக்கிற குழப்பம் போதாதென்று வேகத்தையும் ஏன் கலைக்க வேண்டும்?

வேகமாக அடித்தால் கண்ணில் நன்றாகப் படும் என்பதும் பாதிதான் உண்மை. சாதா பல்பின் இழை சூடேறி முழு வெளிச்சத்துக்கு வரக் கிட்டத்தட்ட 0.2 விநாடி ஆகும். நிமிடத்துக்கு 85 அடி என்றால் ஒவ்வொரு முறையும் பல்புக்கு 0.35 விநாடி கிடைக்கிறது, நன்றாக எரிந்து நன்றாக அணைகிறது. அதையே 180 ஆக்கினால் 0.17 விநாடிதான். முழுசாக எரிவதற்குள் அணைந்து, முழுசாக அணைவதற்குள் எரியும். வெயிலில் பார்த்தால் மங்கலாக ஏதோ நடுங்குகிற மாதிரி இருக்கும். எல்.இ.டி.க்கு இந்தத் தொல்லை கிடையாது, அது உடனே எரிந்து உடனே அணையும். ஆனால் பின்னால் வருகிறவருக்குத் தேவை நீங்கள் எத்தனை தடவை அடித்தீர்கள் என்பதல்ல, எவ்வளவு முன்னால் போட்டீர்கள் என்பது. 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி ஒரு விநாடியில் 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். திருப்பத்துக்கு இரண்டு விநாடி முன்கூட்டிப் போட்டால் அவருக்கு 33 மீட்டர் கூடுதலாகக் கிடைக்கிறது. எந்த ரிலேயும் அதைத் தராது.

எல்.இ.டி. என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சாதா பல்பைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. பல்பு போட்டதும் இண்டிகேட்டர் தானாகவே படபடக்கும். மேலே சொன்ன அதே காரணம்தான்: எல்.இ.டி. எடுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு, ரிலே அதைப் பல்பு போனதாக எடுத்துக்கொள்கிறது. இதைச் சரிசெய்ய 6 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே கோத்துக் கொடுப்பார்கள். தங்க நிறத்தில், வரிவரியாக விளிம்பு வைத்த உலோகத் துண்டு. எஞ்சின் ஓடும்போது வண்டியில் 14 வோல்ட் இருக்கும். அப்போது அந்தத் துண்டில் 30 வாட்டுக்கு மேல் சூடாக வீணாகும். அதை பிளாஸ்டிக்கின் மேல் ஒட்டிவிட்டு ஹசார்டு போட்டு வண்டியை நிறுத்தினால் பிளாஸ்டிக் உருகும், வயரின் தோல் வேகும். ரெசிஸ்டருக்குப் பதில், எல்.இ.டி.க்கென்று வரும் ரிலேயைப் போடுவது மேல். ஆனால் அந்த வகை ரிலேக்களில் பல, பல்பு போனாலும் சொல்லாது. புதிய கார்களில் தனி ரிலேயே கிடையாது. வேகத்தை முடிவு செய்வது கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டர், ‘டிக் டிக்’ என்பது ஸ்பீக்கரில் வரும் சத்தம். அங்கே வீட்டு வைத்தியம் வேண்டாம்.

இனி, தானாகப் படபடக்கும் இண்டிகேட்டர். குஜராத்துக்கு அடுத்து நாட்டில் அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தில். துறைமுகம் போகும் ரோட்டின் பக்கத்தில் உப்பளம், திருச்செந்தூர் போகும் வழியில் முள்ளக்காட்டில் உப்பளம், ஆறுமுகநேரியிலும் உப்பளம். புன்னைக்காயல், மணப்பாடு என்று முத்துக்குளித்துறை நெடுக வீட்டு வாசலில் நிறுத்திய வண்டி மேல் அடிப்பது கடல் காற்று. உப்பு ஈரத்தைப் பிடித்து வைக்கும். அந்த ஈரம் பல்பு ஹோல்டருக்குள் இறங்கினால் பித்தளைத் தகட்டில் பச்சை பிடிக்கும், பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டில் வெள்ளைப் பொடி படரும், பாடியில் எர்த் பிடித்திருக்கும் போல்ட் துருப்பிடிக்கும்.

இதன் கணக்கைப் பாருங்கள். 21 வாட் பல்பின் இழைக்கு எரியும்போது ஏறக்குறைய 7 ஓம் தடை. துருவும் பச்சையும் சேர்ந்து வழியில் 2 ஓம் கூட்டினால், பல்புக்குப் போய்ச் சேர்வது 12 வோல்ட்டில் 9 சொச்சம்தான். வோல்ட் கொஞ்சம் குறைந்தாலே பல்பின் வெளிச்சம் மளமளவென்று இறங்கும். இந்தக் குறைவுக்கு வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். அப்போது ரிலே இன்னும் சத்தம் போடாது, வழக்கம்போல்தான் அடிக்கும். துரு இன்னும் ஏறி கரண்ட் அதன் வரம்புக்குக் கீழே வந்த பிறகுதான் படபடப்பு தொடங்கும். எனவே படபடப்பு வந்த நாளுக்கு ரொம்ப நாள் முன்பிருந்தே பின்விளக்கு மங்கலாகத்தான் எரிந்திருக்கும், நமக்குத் தெரிந்திருக்காது.

ஒர்க்‌ஷாப்புக்குப் போனால், “அண்ணாச்சி, ரிலே போயிட்டு, மாத்திருவோமா?” என்பார்கள். அவசரப்பட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் படபடத்து மறுபக்கம் ஒழுங்காக அடித்தால் ரிலே நன்றாக இருக்கிறது என்றே பொருள், இரண்டு பக்கத்துக்கும் ரிலே ஒன்றுதானே. ஹசார்டைப் போட்டுவிட்டு வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தால் எது எரியவில்லை, எது மங்கல் என்று தெரிந்துவிடும். பல்பைக் கழற்றுங்கள். இழை அறுந்திருந்தால் புதுசு, அதே 21 வாட்டில். 10 வாட் பல்பு கைக்கு அகப்பட்டது என்று அதைப் போட்டால் மறுபடி படபடக்கும். இழை நன்றாக இருந்தால் குற்றம் ஹோல்டரில். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு உப்புத்தாளைச் சின்னதாகச் சுருட்டி உள்ளே விட்டுத் தேயுங்கள், பித்தளை மஞ்சளாகத் தெரியும் வரை. பிறகு பல்பின் அடியில் கொஞ்சம் வாசலின் தடவி மாட்டினால் ஈரம் உள்ளே போகாது.

எர்த் கெட்டுப்போனதற்குத் தனி அடையாளம் உண்டு. பிரேக்கை மிதித்தால் அதே பக்கத்து இண்டிகேட்டர் லேசாகக் கண் சிமிட்டும், அல்லது இண்டிகேட்டர் அடிக்கும்போது டெயில் லேம்ப்பும் சேர்ந்து மினுக்கும். திரும்பிப் போக வழி இல்லாத கரண்ட் பக்கத்து விளக்கின் இழை வழியாகச் சுற்றிக்கொண்டு போகிறது. எர்த் போல்ட்டைக் கழற்றி, அடியில் இருக்கும் பெயின்ட்டையும் துருவையும் சுரண்டிவிட்டு இறுக்கினால் தீர்ந்தது.

துறைமுகத்துக்குக் கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லர்களில் நிலைமை இன்னும் மோசம். முன்வண்டிக்கும் டிரெய்லருக்கும் நடுவில் சுருள் வயரும் ஏழு பின் பிளக்கும் உண்டு. டிரெய்லரைக் கழற்றி வைக்கும்போதெல்லாம் அந்தப் பிளக் உப்புக் காற்றில் திறந்து தொங்கும். டேஷ்போர்டில் டிரெய்லருக்கென்று தனியாக ஒரு பச்சை விளக்கு இருக்கும் வண்டிகளில், அது அடிக்கவில்லை என்றால் நாற்பது அடி தள்ளி இருக்கும் கடைசி இண்டிகேட்டர் எரியவில்லை. பிளக்கின் ஏழு பின்னில் எது பச்சை பிடித்திருக்கிறது என்று பார்த்துத் தேய்ப்பது, கேட்டில் வரிசை நகரக் காத்திருக்கும் நேரத்துக்குள் முடிகிற வேலை.