ஓய்வூதியமும் மிதிவண்டியும்

உத்தியோக காலத்தில் ஷாதிபூர் மேட்டில் நாள்தோறும் ஏறியிறங்கிய பெரியவர், அறுபதில் ஓய்வு பெற்றதும் சாய்வு நாற்காலியை நாடுகிறார். நடை நின்றது, தட்டில் விழும் சோறு மட்டும் குறையவில்லை. வயிறு பெருக்கிறது, நீரிழிவு பின்தொடர்கிறது. நம் இல்லங்களில் இதைக் காணாதார் யார்? புகைவண்டி அலுவலகத்தில் நாளெல்லாம் அமர்ந்து கணக்கெழுதும் நமக்கும் இது எச்சரிக்கையே.

மிதிவண்டி மட்டும் போதுமா? போதாது. அரைமணி மிதித்துச் செலவிட்ட சக்தியை இரண்டு வடைகள் திருப்பித் தந்துவிடும். எடையைக் குறைப்பது முதலில் உணவின் அளவே. குறைந்ததைக் காத்து, காலுக்கும் இதயத்திற்கும் வலுவூட்டுவது மிதிவண்டி.

பிரிட்டனில் 2017இல் வெளியான ஓர் ஆய்வு கவனிக்கத்தக்கது. நீரிழிவு தோன்றி ஆறாண்டுக்குட்பட்டோர், மருத்துவக் கண்காணிப்பில் உணவைக் குறைத்தனர். ஓராண்டில் ஏறத்தாழப் பாதிப்பேர், மருந்தின்றியே நோய் தணியப் பெற்றனர்.

சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்துக் கீரையும் காயும் கூட்டுக. தசை தளராதிருக்க மீனோ, பருப்போ அவசியம். உலகச் சுகாதார நிறுவனம் வாரத்திற்கு 150 நிமிட உழைப்பையேனும் வேண்டுகிறது; ஐந்து நாள், அரைமணி வீதம் போதும். மேட்டில் இறங்கித் தள்ளிச் செல்வதில் வெட்கமில்லை. சர்க்கரைக்கு மருந்துண்போர் மருத்துவரைக் கேட்டே தொடங்குக.

அன்பர்களே, தந்தைக்கு இன்னொரு கரண்டி சோறிடுவது மட்டும் அன்பன்று. பரணில் கிடக்கும் மிதிவண்டிக்கு எண்ணெயிட்டு வாயிலில் நிறுத்துவதும் அன்பே.