குறிசுட்ட மாடும் அமைச்சரின் பண்ணையும்

மாடு வளர்த்த குடும்பங்களுக்குக் குறி என்றால் என்ன என்று நாம் விளக்கத் தேவையில்லை. மாட்டின் தொடையிலே சுடப்பட்டிருக்கும் எழுத்துத்தான் அதன் உறுதிப்பத்திரம். இடம்பெயரும்போது பட்டியைத் திறந்துவிட்டு வந்தவர்கள் எம்மிடையே பலர். திரும்பிப் போனபின், கட்டாக்காலியாகத் திரிந்த மாடுகளுக்குள் தம்முடைய குறியைத் தேடிக் காடு காடாக அலைந்தவர்களும் பலர். முதலில் களவு போவது குறி சுடாத கன்றுதான் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ஊழல் என்பதைச் சட்டப் புத்தகத்தைக் கொண்டு விளக்குவதிலும் பார்க்க, மாட்டுக்காரரின் கணக்கைக் கொண்டு விளக்குவது இலகு என்று நாம் எண்ணுகிறோம். அதற்காக, ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் நடந்த ஒரு விடயத்தை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் வேலியில்லாத பெரும் மேய்ச்சல் வெளிகள் இருந்தன. பல பண்ணைகளின் மாடுகள் அங்கே கலந்து மேய்ந்தன. குதிரையில் ஏறி அவற்றைப் பார்த்துக்கொண்ட கூலியாட்களைத்தான் படங்களில் 'கௌபோய்' என்று காட்டுகிறார்கள். படத்தில் துப்பாக்கி பெரிதாகத் தெரியும். உண்மையில் அவர்களுடைய வாழ்க்கை தூசியும் மழையும் நித்திரையின்மையுமே. 1880களில் அவர்களுக்கு மாதச் சம்பளம் 30 அல்லது 40 டொலர்.

ஆண்டுதோறும் அயற்பண்ணைகள் எல்லாம் சேர்ந்து மாடுகளை ஓரிடத்தில் திரட்டும். கன்று எந்தப் பசுவின் பின்னால் போகிறதோ அந்தப் பசுவின் குறியே கன்றுக்கும் சுடப்படும். இதைத் தனியே ஒருவர் செய்வதில்லை. ஒவ்வொரு பண்ணையின் ஆளும் பக்கத்தில் நிற்பார். ஒருவர் குறியைச் சத்தமாகச் சொல்ல, இன்னொருவர் கொப்பியில் பதிவார். இரவில், மறைவில் குறி சுடுபவன் கள்வன் என்பதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை. அடுத்தது, எந்தக் குறிக்குச் சம்பளம் வாங்குகிறானோ அந்தக் குறியின் மாட்டைத்தான் வேலையாள் காக்க வேண்டும். வேறொரு முதலாளியிடம் மறைவாகக் கை நீட்டியவனை அடுத்த பண்ணையும் வேலைக்கு எடுக்காது.

இந்த ஒழுங்கைப் புனிதமானதாகக் காட்ட நாம் விரும்பவில்லை. வயோமிங் மாநிலத்துப் பெரும் பண்ணைக்காரர் 1884 இல் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்து, தாயில்லாத, குறியில்லாத கன்றுகள் எல்லாம் தமது சங்கத்துக்கே சொந்தம் என்று ஆக்கிக்கொண்டனர். 1892 இல் கூலிக்குத் துப்பாக்கிக்காரரைப் பிடித்து, விசேட ரயிலில் ஏற்றி, சிறு பண்ணைக்காரரைக் கொல்லவும் அனுப்பினர். எவரும் தண்டிக்கப்படவில்லை. ஒழுங்கு கூலியாளுக்கு, விலக்கு முதலாளிக்கு என்பது அங்கும் நடந்ததுதான்.

இந்த மேய்ச்சல் உலகத்திலிருந்து அரசியலுக்குப் போன இருவரை இப்போது பார்ப்போம்.

அல்பேர்ட் ஃபோல் 1861 இல் பிறந்தவர். இளவயதில் மேற்கே போய்ச் சுரங்கத்திலும் மாட்டுப் பண்ணையிலும் வேலை செய்தார். பின்னர் சட்டத்தரணியானார். நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் திரீ ரிவர்ஸ் என்னும் இடத்தில் பெரும் பண்ணை ஒன்றுக்குச் சொந்தக்காரரானார். 1912 இல் செனற்றர், 1921 மார்ச்சில் ஜனாதிபதி ஹார்டிங்கின் உள்துறை அமைச்சர். அமெரிக்காவில் அரச காணிகளைப் பார்ப்பது இந்த அமைச்சின் வேலை.

மற்றவர் ஜோன் கென்ட்ரிக். ரெக்சாஸ் மாநிலத்தில் சிறுவயதிலேயே தாய் தந்தையரை இழந்தவர். 1879 இல் ஒரு மந்தையை ஓட்டிக்கொண்டு வயோமிங்குக்கு வந்து, கூலியாளாகத் தொடங்கிப் பண்ணைச் சொந்தக்காரரானார். பின்னர் மாநில ஆளுநராகவும் 1917 முதல் செனற்றராகவும் இருந்தார்.

அக்காலத்தில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. போர் வந்தால் எண்ணெய் தேவைப்படும் என்று, எண்ணெய் கிடக்கும் சில அரச காணிகளை யாரும் தோண்டாமல் ஒதுக்கிவைத்தனர். கலிபோர்னியாவில் எல்க் ஹில்ஸ், வயோமிங்கில் ரீபொட் டோம் என்பன அவற்றுள் இரண்டு. (தேநீர்ப் பாத்திரம் போன்ற பாறை ஒன்று பக்கத்தில் நின்றதால் பின்னதற்கு அந்தப் பெயர்.) எமது பாஷையில் சொன்னால் இது விதைநெல். 1921 மே மாதத்தில் இந்தக் காணிகள் கடற்படையிடமிருந்து ஃபோலின் அமைச்சுக்கு மாற்றப்பட்டன. 1922 ஏப்ரலில் ரீபொட் டோமை ஹரி சின்கிளயர் என்னும் எண்ணெய் முதலாளிக்கு ஃபோல் குத்தகைக்குக் கொடுத்தார். எல்க் ஹில்ஸ், அவருடைய பழைய நண்பர் எட்வேர்ட் டொஹெனிக்குப் போயிற்று. ரீபொட் டோமுக்குக் கேள்விப்பத்திரம் கோரப்படவில்லை, அறிவித்தலும் இல்லை. குறி சுட்டது இரவில்.

வயோமிங் மக்கள் சிலர் இதைப் பற்றிக் கென்ட்ரிக்குக்கு எழுதினர். அவர் அமைச்சில் விசாரித்தபோது நேரான பதில் கிடைக்கவில்லை. 1922 ஏப்ரல் 15 இல், குத்தகை பற்றிய விபரத்தை வெளியிடும்படி செனற் சபையில் அவர் பிரேரணை கொண்டுவந்தார். அவர் ஃபோலைக் கள்வர் என்று சொல்லவில்லை. கொப்பியைக் காட்டும்படி கேட்டார், அவ்வளவே. அந்தக் கேள்வியிலிருந்துதான் விசாரணைக்கு வழி திறந்தது.

விசாரணையை முன்னின்று நடத்தியவர் மொன்ரானா மாநிலத்துச் செனற்றர் தோமஸ் வோல்ஷ். பெட்டி பெட்டியாக வந்த கடதாசிகளை மாதக்கணக்காக வாசித்தார். 1923 ஒக்ரோபரில் சாட்சி விசாரணை தொடங்கியபோது அது சப்பென்று இருந்தது. பிறகுதான் நியூ மெக்சிக்கோவின் பத்திரிகை ஆசிரியர் கார்ல் மகீ சாட்சி சொல்ல வந்தார். (இவரேதான் பின்னர் வீதியோரத்தில் காசு போட்டு வாகனம் நிறுத்தும் மீற்றரைக் கண்டுபிடித்தவர்.) அவர் எந்த இரகசியக் கடிதத்தையும் கொண்டுவரவில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னார். 1920 இல் கையில் காசில்லாமல் கஷ்டப்பட்டவர் ஃபோல். 1912 முதல் கட்டாதிருந்த காணிவரியை 1922 இல் ஒரேயடியாகக் கட்டினார். பழுதாய்க் கிடந்த பண்ணைக்குப் புதிய பாதையும் புதிய வேலியும் வந்திருந்தன.

சின்கிளயரின் பண்ணையிலிருந்து மாடுகளும் ரயிலில் வந்திறங்கியிருந்தன: 6 நாகுகள், ஒரு காளை, அவற்றோடு 2 ஆண் பன்றிகள், 4 பெண் பன்றிகள், உயர்சாதிக் குதிரை ஒன்று. பணத்தைப் பெட்டியில் ஒளிக்கலாம். நாகுகளை எங்கே ஒளிப்பது? ஓர் ஊரில் மாடு யாருடையது, எப்போது வந்தது என்பதை அயலவர் அறியாமல் இருக்க முடியாது. கிராமத்துக் கண்ணுக்கு உள்ள வலிமை அது. எமது முகாம்களிலும் மீள்குடியேற்றக் கிராமங்களிலும் அந்தக் கண் இருக்கிறது. பதுங்கிப் பேசி வம்பாக்கிவிடுவதால்தான் அது சாட்சியாக மாறுவதில்லை. மகீ ஊர்க்கதையைத் திகதியோடும் வரிக்கணக்கோடும் சேர்த்துச் சொன்னார். வித்தியாசம் அதில்தான் இருக்கிறது.

1924 ஜனவரியில் நடந்த ஒரு பகிடியையும் சொல்ல வேண்டும். முன்னாள் ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மகன் ஆர்ச்சி, சின்கிளயரின் கம்பனியில் வேலை செய்தவர். ஃபோலின் பண்ணை மேற்பார்வையாளருக்கு 68,000 டொலர் கொடுக்கப்பட்டதாகச் சின்கிளயரின் செயலாளர் தம்மிடம் சொன்னார் என்று அவர் சாட்சியமளித்தார். செயலாளரைக் கூப்பிட்டுக் கேட்டனர். தாம் பணத்தைப் பற்றிப் பேசவில்லை, 'ஆறோ எட்டோ பசுக்கள்' என்றே சொன்னதாக அவர் கூறினார்! ஆங்கிலத்தில் ஆயிரங்களைக் குறுக்கி 'தௌஸ்' என்றால், அது பசுக்களைக் குறிக்கும் 'கௌஸ்' போலக் கேட்கும், அதைப் பிடித்துக்கொண்டார். லஞ்சமாகக் காசு வந்தால்தான் குற்றம், மாடு வந்தால் குற்றமில்லை என்று அவர் நினைத்தார் போலும்.

இதற்கிடையில், பண்ணைக்கான 100,000 டொலரைப் பத்திரிகை உரிமையாளர் ஒருவரிடம் கடன் வாங்கியதாக ஃபோல் எழுதிக் கொடுத்திருந்தார். வோல்ஷ் புளோரிடாவரை போய் அந்த மனிதரைக் கேட்டார். தாம் கொடுத்த காசோலைகள் மாற்றப்படாமலே திரும்பி வந்தன என்றார் அவர். சில நாட்களில் டொஹெனியே வந்து, பணம் தம்முடையது என ஒப்புக்கொண்டார். 1921 நவம்பரில் அவருடைய மகன் அதைக் கறுப்புப் பையில் நோட்டுகளாகக் கொண்டுபோய்க் கொடுத்திருந்தார். தமக்கு அது அற்பத் தொகை, நண்பனுக்குக் கொடுத்த கடன் என்றார் டொஹெனி. ஃபோலின் இளமைக்காலத்து மாட்டுக்காரன் ஒருவன், மாதம் 40 டொலர் வீதம், அதை உழைக்க 208 ஆண்டுகள் வேண்டும்.

அந்தப் பணத்தில் ஃபோல் அயலிலிருந்த பண்ணையை வாங்கினார். தமது காணிக்கு ஓடிவரும் தண்ணீரின் மேற்பகுதி அந்தப் பண்ணையில் இருந்தது. தண்ணீருக்காக ஒரு கமக்காரன் தவிப்பதை நாமும் அறிவோம். ஃபோலின் ஆசை எமக்கு விளங்காத ஆசையல்ல. ஆனால் அவர் சம்பளம் வாங்கியது பொதுமக்களின் குறிக்கு. சின்கிளயரிடமிருந்து வந்த பத்திரங்களையும் சேர்த்தால், அவர் பெற்றது 400,000 டொலருக்கு மேல்.

1927 இல் உயர் நீதிமன்றம் இரண்டு குத்தகைகளையும் செல்லாதவையாக்கிற்று; காணிகள் அரசிடம் திரும்பின. 1929 இல் ஃபோல் லஞ்சம் வாங்கிய குற்றவாளியாகக் காணப்பட்டார். ஓராண்டுச் சிறை, 100,000 டொலர் தண்டம். பதவியில் இருந்தபோது செய்த குற்றத்துக்காகச் சிறை சென்ற முதல் அமெரிக்க அமைச்சர் அவரே. ஆனால் 1930 இல், அதே பணத்தைக் கொடுத்த டொஹெனி குற்றமற்றவர் என்று வேறொரு ஜூரி விடுவித்தது. வாங்கியது லஞ்சம், கொடுத்தது லஞ்சமல்ல! சின்கிளயரும் லஞ்சத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை. விசாரணையையும் நீதிமன்றத்தையும் அவமதித்ததற்காகச் சில மாதங்கள் மட்டும் உள்ளே இருந்தார்.

ஃபோல் சிறையிலிருந்து 1932 இல் வெளியே வந்தபோது நோயாளி. தண்டப்பணத்தைக் கட்ட அவரிடம் வசதி இருக்கவில்லை. 1930களின் நடுப்பகுதியில், நண்பனுக்குக் கொடுத்ததாகச் சொன்ன அந்த 100,000 டொலர் கடன் திரும்பவில்லை என்று டொஹெனியின் கம்பனி திரீ ரிவர்ஸ் பண்ணையை எடுத்துக்கொண்டது. ஃபோலும் மனைவியும் வீட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று.