40 விநாடி மௌனம்

பெரிய வளாகங்களில் கட்டடத்துக்குக் கட்டடம் வைக்கப்பட்டிருக்கும் லேயர் 3 சுவிட்சுகள் பாக்கெட்டுகளைக் கடத்துவதோடு, அவை போக வேண்டிய வழியையும் தாங்களே முடிவுசெய்கின்றன. எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் போவது என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ள அவற்றுக்கு ஒரு ரவுட்டிங் புரோட்டோகால் தேவை. பல நிறுவனங்கள் வளாகத்துக்குள் ஓஎஸ்பிஎஃப்-ஐயும், இணைய இணைப்பு தரும் நிறுவனத்தோடு பேசுவதற்குப் பிஜிபி-யையும் வைத்துக்கொள்கின்றன. எதுவானாலும், எதிர்முனையில் இருப்பது தன் அண்டை என்று சுவிட்ச் ஏற்றுக்கொண்ட பிறகே வழிகள் கைமாறும்.

ஓஎஸ்பிஎஃப் தன் அண்டையைத் தானே கண்டுபிடிக்கும். ஜான் மாய் எழுதி 1998-இல் ஆர்எஃப்சி 2328 ஆக வெளிவந்த இரண்டாம் பதிப்பின்படி, ஐபி முகவரி உள்ள இணைப்பில் அதை இயக்கியதும் சுவிட்ச் 224.0.0.5 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு 'ஹலோ' பாக்கெட்டுகளை அனுப்பத் தொடங்கும். எதிரிலிருந்து வரும் ஹலோவில் தன்னுடைய அடையாள எண் இருந்தால், தன் குரல் அங்கே கேட்டிருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆனால் ஏரியா எண், சப்நெட் மாஸ்க், கடவுச்சொல், ஹலோ இடைவெளி, டெட் இடைவெளி ஆகியவை இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் அந்த ஹலோ தள்ளப்படும். அண்டைப் பட்டியல் காலியாகவே கிடக்கும். அடையாள எண் மட்டும் ஒத்திருக்கக் கூடாது. ஒரு சுவிட்சின் அமைப்பை அப்படியே நகலெடுத்து இன்னொன்றில் ஏற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

இதைவிடக் குழப்பும் கோளாறு ஒன்று உண்டு. அண்டை பட்டியலில் தெரியும். ஆனால் 'எக்ஸ்ஸ்டார்ட்' நிலையைத் தாண்டாது. ஒரு பாக்கெட்டின் உச்ச அளவான எம்டியு ஒரு பக்கம் 1500, மறுபக்கம் 9000 என்று இருந்தால் இப்படி ஆகும். ஹலோக்களில் எம்டியு குறிப்பிடப்படுவதில்லை என்பதால் அவை தடையின்றிப் போய்வரும். வழிவிவரம் பரிமாறும் கட்டத்தில்தான் சிக்கும். பயனர்களின் கணினிகள் மட்டுமே இருக்கும் விலேன்களில் ஹலோ அனுப்பவே வேண்டியதில்லை. அவற்றை 'பாசிவ்' ஆக்காவிட்டால், யாரோ ஒருவரின் மடிக்கணினியும் அண்டையாக முயலலாம்.

டைமர்களுக்கு வருவோம். ஈதர்நெட் இணைப்பில் வழக்கமான அளவு ஹலோவுக்கு 10 விநாடி, டெட் இடைவெளிக்கு 40 விநாடி. 40 விநாடி ஒரு ஹலோவும் வராவிட்டால் அண்டை போய்விட்டதாகக் கணக்கு. நேரடி ஃபைபர் அறுந்தால் இந்தக் காத்திருப்பு தேவைப்படாது. போர்ட் உடனே விழும், சுவிட்ச் மாற்றுவழிக்குப் போய்விடும். நடுவில் ஒரு சாதாரண லேயர் 2 சுவிட்ச் இருந்தால்தான் சங்கடம். அதற்கு அப்பால் கேபிள் அறுந்தாலும் இந்தப் பக்கத்து போர்ட்டின் விளக்கு பச்சையாகவே எரியும். அந்த 40 விநாடியும் பாக்கெட்டுகள் பாழுங்கிணற்றில் விழுந்துகொண்டிருக்கும்.

அதனால் டைமர்களைக் குறைக்கும் ஆசை எல்லோருக்கும் வருகிறது. ஹலோவை 1 விநாடி ஆக்கலாம்தான். ஆனால் ஹலோக்களைக் கவனிப்பது பொதுவாக சுவிட்சின் மையப் பிராசசர். அதற்கு வேறு வேலை குவியும் நேரத்தில் சில ஹலோக்கள் தவறினால், உயிரோடு இருக்கும் அண்டை செத்ததாக அறிவிக்கப்படும். அந்தச் செய்தி ஏரியா முழுவதும் பரவி எல்லாச் சுவிட்சுகளும் வழியைத் திரும்பக் கணக்கிடும். சிறிது நேரத்தில் அண்டை மீண்டதும் அதே வேலை மறுபடியும். உண்மையான அறுப்பைவிட இந்தத் தள்ளாட்டம் மோசமானது.

மாற்றும் முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. சிஸ்கோ ஐஓஎஸ்-இல் ஹலோவை மாற்றினால் டெட் இடைவெளியும் தானாக அதன் நான்கு மடங்காகும். ஒரு முனையில் மாற்றிவிட்டு மறுமுனையை மறந்தால் அண்டை உறவு முறியும். வேறு வழியில்லாத ஒரு கிளை அலுவலகத்தின் சுவிட்சை அதே இணைப்பின் வழியாக, தொலைவிலிருந்து மாற்றிக்கொண்டிருப்பவர், தான் உட்கார்ந்திருந்த கிளையையே வெட்டிக்கொண்டவர் ஆகிறார்.

பிஜிபி யாரையும் தேடிப் போகாது. அண்டையின் ஐபி முகவரியையும், அது சேர்ந்த நெட்வொர்க்கின் அடையாளமான ஏஎஸ் எண்ணையும் இரு பக்கத்திலும் கையால் எழுத வேண்டும். பேச்சு டிசிபி போர்ட் 179-இல் நடக்கும். டைமர் விஷயத்தில் மட்டும் இது ஓஎஸ்பிஎஃப்-ஐவிட இளகிய மனம் கொண்டது. இங்கே ஹலோவின் இடத்தில் கீப்அலைவ், டெட் இடைவெளியின் இடத்தில் ஹோல்டு நேரம். இரு பக்கமும் சொல்லும் ஹோல்டு நேரங்களில் குறைவானதை இரண்டும் ஏற்றுக்கொள்ளும். சிஸ்கோவில் கீப்அலைவ் 60, ஹோல்டு 180 விநாடி; ஆர்எஃப்சி 4271 பரிந்துரைப்பது 30, 90. ஹோல்டு நேரம் தொடக்கத்திலேயே பேசி முடிக்கப்படுவதால், புதிய எண் செஷன் மறுபடி தொடங்கிய பிறகே நடைமுறைக்கு வரும்.

விரைவு வேண்டுமென்றால் டைமர்களைப் பிழிவதைவிட பிஎஃப்டி-யைச் சேர்ப்பதே புத்திசாலித்தனம். 2010-இல் ஆர்எஃப்சி 5880 ஆக வந்த இதன் ஒரே வேலை, எதிர்முனை உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பது. 300 மில்லிவிநாடிக்கு ஒன்று, மூன்று தவறினால் முறிவு என்று வைத்தால் 900 மில்லிவிநாடியில் தகவல் ஓஎஸ்பிஎஃப்-க்கும் பிஜிபி-க்கும் போய்விடும். பல சுவிட்சுகளில் இதை வன்பொருளே கவனித்துக்கொள்வதால் பிராசசருக்குப் பாரமில்லை. இதையும் இரு முனையிலும் இயக்க வேண்டும். ஒரு பக்கம் 50 மில்லிவிநாடிக்கு ஒன்று அனுப்ப விரும்பி, மறுபக்கம் 300-க்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், 300-க்கு ஒன்றுதான் போகும்.