ஊசி போட்ட நாய் ஏன் உம்மென்று இருக்கிறது?

காலையில் சிலிண்டர்காரரைத் தெருமுனை வரை துரத்திய மணி, தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்ததும் கட்டிலுக்கடியில் சுருண்டு விடுகிறான். பால்சோறு வைத்தால் முகத்தைத் திருப்பிக் கொள்கிறான். 'டாக்டர் எதையோ மாத்திப் போட்டுட்டாரு!' என்று வீட்டில் ஒரே ரகளை.

பதறாதீங்க சார்! உடம்பு, நோயை எதிர்க்கப் பழகிக்கொள்கிறது. லேசான காய்ச்சல், சோம்பல், ஊசி போட்ட இடத்தில் வலி எல்லாம் ஒன்றிரண்டு நாளில் போய்விடும். தண்ணீர் வைத்துவிட்டுச் சும்மா விடுங்கள். 'நமக்குப் போடறதுதானே' என்று பாரசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அளவு தப்பினால் ஈரலைக் கெடுத்துவிடும்.

ஆனால் முகம் வீங்கினாலோ, தடிப்பு எழும்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ அது அலர்ஜி. உடனே ஆட்டோ பிடியுங்கள்! பெரும்பாலும் சில நிமிடங்களிலோ, சில மணி நேரத்திலோ தெரிந்துவிடும். ஊசி போட்டதும் கொஞ்ச நேரம் அங்கேயே உட்காரச் சொல்வது இதற்காகத்தான். சின்ன ஜாதி நாய்களுக்கும், ஒரே நாளில் பல ஊசி போட்டவற்றுக்கும் வாய்ப்பு சற்று அதிகம். டாக்டரிடம் சொன்னால் அடுத்த முறை ஜாக்கிரதையாக இருப்பார்.

இதற்குப் பயந்து அடுத்த வருஷ ஊசிக்கு டிமிக்கி கொடுப்பதுதான் பெரிய ஆபத்து. லூயி பாஸ்டர் கண்டுபிடித்த வெறிநாய்க்கடி ஊசி 1885-ல் ஒரு சிறுவனுக்குப் போடப்பட்டது. இன்றைக்கும், அறிகுறி தெரிந்தபின் அந்த நோயிலிருந்து பிழைத்தவர்கள் மிக அபூர்வம். கணக்கைப் பாருங்கள்: செலவு, நாய்க்கு ஒரு நாள் சோம்பல். வரவு, உங்கள் வீட்டுப் பிள்ளையின் உயிர்.